ஆறு வழிவிடும் என்று சொன்னவர்

சமிசோனி ஒருநாளும் போதகராக இருந்ததில்லை. ஆனாலும் ஷீரே ஆற்றின் இரு கரைகளிலும் இருந்த எங்கள் சபைகளில் பத்துப் பன்னிரண்டு வருஷம் நாங்கள் பிரசங்கமாகக் கேட்டது அவர் குரலைத்தான். மிஷனிலிருந்து வந்த ஹாலம் பாஸ்டர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். பக்கத்தில் நிற்கும் சமிசோனி அதை எங்கள் சேனா மொழியில் சொல்வார். அவர் சொன்ன பிறகுதான் அது எங்களுக்கு வேதம்.

ஹாலம் கூச்ச சுபாவக்காரர். நெடிய உடம்பு, தணிந்த குரல். எதைச் சொன்னாலும் முன்னால் ஒரு 'ஒருவேளை', பின்னால் ஒரு 'முடிந்தால்'. சமிசோனியோ மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். இந்தக் கரையில் நின்று அந்தக் கரையில் வலை உலர்த்துகிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடும் தொண்டை. ஹாலத்தின் 'ஒருவேளை'களை அவர் வழியிலேயே உதிர்த்துவிடுவார். எங்களிடம் வந்து சேரும்போது பேச்சு நிமிர்ந்து நிற்கும்.

பாவம் நீங்கிய மனம் பனி போல வெண்மையாகும் என்று ஒருமுறை ஹாலம் சொன்னார். எங்களில் யார் பனியைப் பார்த்தோம்? கொக்குச் சிறகு போல என்று சமிசோனி சொல்லிவிட்டார். ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் ஹாலத்திடம் போய், "பாஸ்டர், உங்க ஊர்லயும் கொக்கு வயல்ல வந்து மீனைத் தின்னுதா?" என்று கேட்டாள். அவர் விழித்தார். "ஆமான்னு தலையாட்டுங்க, அப்புறம் சொல்றேன்" என்று சமிசோனி ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். ஹாலமும் தலையாட்டினார். அவர் அப்படித்தான், சமிசோனியை முழுசாக நம்பியவர்.

சமிசோனிக்கும் மனைவி லோனஸுக்கும் பிறந்ததில் தங்கியது ஒரே மகள், மெலிஃபா. எங்கள் ஊரில் பெற்றவர்களைப் பிள்ளையின் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம். அதனால் ஊருக்கு அவர் மெலிஃபா அப்பா. அந்தப் பெண் எங்கள் பாடற்குழுவில் முன்வரிசையில் நிற்பாள். அப்பாவின் தொண்டையும் அம்மாவின் பிடிவாதமும் அவளுக்கு. பாட்டு இழுத்தால் காலைத் தரையில் தட்டி எங்களை வேகப்படுத்துவாள். அவளைவிட மூத்தவளான எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அப்போது.

கிழக்குக் கரையில் நியம்போத்தா என்ற ஊர். அங்கிருந்த சபையார் மரத்தடியில்தான் பல வருஷம் ஜெபித்தார்கள். பிறகு தாங்களே மண் குழைத்து, செங்கல் சுட்டு, சுவர் எழுப்பினார்கள். கூரைத் தகரம் மிஷனிலிருந்து வந்தது. பிரதிஷ்டை ஆராதனையை ஹாலத்தின் நாட்டிலிருந்து வரும் விருந்தினர்களை வைத்து நடத்தத் திட்டம். அவர்கள் வரும் தேதியோ மழைக்காலத்தில் விழுந்தது.

அதற்கு முந்தின ஞாயிறு எங்கள் ஊரான சித்துண்டுவில் ஆராதனை. ஹாலம் அறிவிப்பைச் சொன்னார். நியம்போத்தா மக்கள் தனியாக இருந்து களைத்தவர்கள், சித்துண்டு பாடற்குழு வந்து அவர்களோடு பாடினால் அவர்கள் மனம் நிறையும் என்றார். கடைசியில், ஆறு வழிவிட்டால் வாருங்கள் என்றார்.

அந்த நேரம் சபை முழுவதும் சூடேறி இருந்தது. பெண்கள் குலவையிட்டுக்கொண்டிருந்தார்கள். சமிசோனி இரண்டு கையையும் உயர்த்திச் சொன்னார்: "வாங்க. ஆறு நமக்கு வழிவிடும்."

நாங்கள் எழுந்து நின்று பாடினோம். ஹாலம் அதைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.

பிரதிஷ்டை நாளுக்கு முன்னாலேயே அவரும் விருந்தினர்களும் சமிசோனியும் வண்டியில் பாலம் வழியாகச் சுற்றி நியம்போத்தா போய்விட்டார்கள். நாங்கள் காலையில் இடுப்பில் சுற்றும் பச்சைச் சிட்டெங்கே துணியை ஒரே மாதிரி கட்டிக்கொண்டு துறைக்குப் போனோம். இரண்டு ஓடம். மேளம் அடிக்கும் ஜெரெமானி மேளத்தை பிளாஸ்டிக் தாளில் சுற்றி வைத்திருந்தான். எடிசா என்ற விதவையின் மகன் அவன்.

ஓடக்காரர் ஃபோம்பே தண்ணீரில் கை விட்டுப் பார்த்தார். "இன்னைக்கு வேணாம். மேல எங்கயோ கொட்டியிருக்கு. பாருங்க, மரம் வேரோட வருது."

"நாங்க வர்றோம்னு சொல்லியாச்சு. அங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள் ஒருத்தி.

"காத்திருக்கட்டும். செங்கல் ஓடியா போயிடும்?"

"ஃபோம்பே மாமா, உங்களுக்கு வயசாயிடுச்சு. துடுப்பை ஜெரெமானிகிட்ட குடுங்க" என்று மெலிஃபா சீண்டினாள்.

"அவனுக்கு மேளத்தைத் தவிர என்ன தெரியும்?"

"பாஸ்டர் சொன்னாரு இல்ல, ஆறு நமக்கு வழிவிடும்னு" என்றான் ஜெரெமானி.

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஃபோம்பே துடுப்பை எடுத்தார். அவரும் அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் இருந்தவர்தான். லோனஸ் மகளின் தலைத்துணியை இழுத்துக் கட்டிவிட்டு, "முன்னாடி போ, நான் அடுத்ததுல வர்றேன்" என்றாள்.

நானும் லோனஸும் இரண்டாவது ஓடத்தில் இன்னும் கால் வைக்கவில்லை. முதல் ஓடம் நடு ஆற்றைத் தாண்டவில்லை. ஒரு மரக்கிளை பக்கவாட்டில் வந்து இடித்தது. ஓடம் மெதுவாகத்தான் சாய்ந்தது, தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுக்கிற மாதிரி. ஆட்கள் தண்ணீரில் தெரிந்தார்கள். ஓடத்தின் அடியைப் பிடித்துக்கொண்டவர்கள் கீழே நாணல் திட்டில் ஒதுங்கினார்கள். ஜெரெமானிக்கு நீந்தத் தெரியும். கரைக்கு வந்திருப்பான். மெலிஃபாவின் பச்சைத் துணி தெரிந்த பக்கம் திரும்பிப் போனான். பிறகு இரண்டு பேரையும் காணவில்லை.

அவனை அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். அவளை மறுநாள்தான் கண்டார்கள்.

சித்துண்டுவில் இரண்டு குழி பக்கத்தில் பக்கத்தில் வெட்டினோம். கூட்டத்தில் ஆண்கள் சிலர் ஹாலத்தை முறைத்துக்கொண்டு நின்றார்கள். "விருந்தாளிக்குப் படம் காட்ட நம்ம பிள்ளைங்களைக் கூப்பிட்டான்" என்று ஒருவர் உரக்கவே சொன்னார். பள்ளிக்கூட ஆசிரியர் சமிசோனியின் தோளைத் தொட்டு, "நீங்க உக்காருங்க. இன்னைக்கு நான் மொழிபெயர்க்கிறேன்" என்றார். சமிசோனி தலையை அசைத்து மறுத்துவிட்டு, எப்போதும் நிற்கும் இடத்தில், ஹாலத்தின் இடப்பக்கம் போய் நின்றார்.

ஹாலம் நீளமாகப் பேசவில்லை. கூட்டத்தில் ஓடிய முணுமுணுப்பு அவருக்கும் எட்டியிருந்தது. "நான் உங்களை அழைத்தேன்" என்றார் ஆங்கிலத்தில். "அதற்கு நான்தான் பொறுப்பு. ஆண்டவருக்கும் உங்களுக்கும்."

சமிசோனி சொன்னார்: "நான் உங்களைக் கூப்பிட்டேன். அதுக்கு நான்தான் பொறுப்பு."

மொழிபெயர்க்கும்போது அவர் எப்போதும் 'நான்' என்றுதான் சொல்வார். அந்த 'நான்' ஹாலம் என்று எங்களுக்குப் பழக்கம். அதனால் முதலில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அவர் கொஞ்சம் நிறுத்தி, கையால் தன் நெஞ்சைத் தொட்டார்.

"நான்னா அவர் இல்ல. சமிசோனி. ஆறு வழிவிட்டா வாங்கன்னுதான் பாஸ்டர் சொன்னாரு. ஆறு வழிவிடும்னு சொன்னது நான். உங்க மனசுக்கு எழுப்புதலா இருக்கட்டும்னு சொன்னேன். எப்பவும் அப்படித்தான் சொல்லியிருக்கேன். அவரைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க."

ஹாலம் குனிந்து, "நீங்க என்ன சொன்னீங்க? நான் அவ்வளவு சொல்லலையே" என்று கேட்டார். சமிசோனி ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நெடிய மனிதர் குழிமண் மேட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு பெட்டிகளையும் ஜெபமில்லாமலே இறக்கினார்கள்.

சில நாள் கழித்து எடிசா சமிசோனி வீட்டுக்கு வந்தாள். நான் லோனஸுக்குத் துணையாக அங்கே இருந்தேன். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"மெலிஃபா அப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவர் சொன்னதை நீங்க அப்படியே சொல்லியிருந்தா எம்புள்ள போயிருக்க மாட்டானா?"

சமிசோனி எழுந்து வாசலுக்கு வந்தார். "தெரியல, எடிசா."

"எனக்கும் தெரியல. ஒருவேளை போயிருப்பான். அவன் சொன்ன பேச்சு கேக்கிறவன் இல்ல." முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "இந்த ஒருவேளையை வச்சுக்கிட்டு நான் எப்படிப் படுக்கிறது?"

அவள் திரும்பிப் போனாள். ஒரே ஊரில், ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு, அதன்பிறகு அவள் அவரோடு பேசவே இல்லை.

சமிசோனி மறுபடி ஹாலத்தின் பக்கத்தில் நிற்கவில்லை. எங்கள் சபையில் தவறு செய்து ஒழுக்க நடவடிக்கையின் கீழ் வைக்கப்பட்டவர்கள் கடைசி பெஞ்சில் உட்காருவார்கள், நற்கருணை எடுக்க மாட்டார்கள். மூப்பர்கள் யாரும் அவரை அங்கே அனுப்பவில்லை. தானாகப் போய் உட்கார்ந்தார். மூப்பர்கள் கூடிப் பேசி, வாங்க, மன்னிச்சாச்சு என்று சொல்லி அனுப்பினார்கள். "உங்களுக்கு அந்த அதிகாரம் இருக்கு, நான் இல்லைங்கல" என்றாரே தவிர எழுந்து வரவில்லை. ஹாலம் அவர் வயலுக்கே போய் வரப்பில் நின்று கெஞ்சினார்.

"உங்க குரல் இல்லாம எனக்கு இங்க வேலையே இல்லை, சமிசோனி."

"அதுதான், பாஸ்டர், தப்பாயிடுச்சு. உங்க குரல் இவங்களுக்குக் கேக்கவே இல்லை."

லோனஸ் பாடற்குழுவை விடவில்லை. மகள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில் நின்று பாடினாள். வீட்டில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று எனக்கு முழுசாகத் தெரியாது. ஒரு பஞ்ச வருஷம், சோளம் தீர்ந்து போய், சதுப்பில் அல்லிக் கிழங்கு தோண்டப் போயிருந்தோம். அவரும் சற்றுத் தள்ளி முழங்கால் ஆழத் தண்ணீரில் தோண்டிக்கொண்டிருந்தார். லோனஸ் கிழங்கைக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"ராத்திரியில எழுந்து உக்காந்துக்கிறாரு. நான் சொன்னேன், ஆத்தைப் பாக்க எனக்கு மொழிபெயர்ப்பு வேணுமா? என் கண்ணால பாத்தேன், மரம் வேரோட வந்துச்சு. நான்தான் அவ தலையைக் கட்டிவிட்டு ஏத்தினேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"அவருக்கு அந்தப் பழியில எனக்குப் பங்கு குடுக்க மனசில்லை."

ஹாலத்துக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தார். ஆனால் ஹாலம் அவரை அதிகம் வைத்துக்கொள்ளவில்லை. தானே சேனா பேசக் கற்றார். நடு வயதில் கற்ற மொழி, நாக்கு மடங்கவில்லை. ஆடுகளை மேய்த்தேன் என்பதற்கு ஆடுகளை மணந்தேன் என்று ஒருநாள் சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டு, "எந்த ஆடுன்னு கேக்காதீங்க" என்று இன்னும் தப்பாக ஏதோ சொன்னார். அவருடைய பிரசங்கம் இப்போது எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் அதில் எத்தனை 'ஒருவேளை' இருந்தது என்று முதல்தடவையாகத் தெரிந்துகொண்டோம்.

அவர் நாடு திரும்பிய வருஷம், விடைபெறும் ஆராதனையில் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். தோட்டம் போட முதன்முதலில் யாரோ கொடுத்த ஒரு பொருளைச் சொல்ல வந்து, வார்த்தை கிடைக்காமல் கையால் மண்ணைக் கொத்திக் காட்டினார். கடைசி பெஞ்சிலிருந்து, "மண்வெட்டி" என்றது சமிசோனியின் குரல். ஹாலம் அந்தப் பக்கம் பார்த்து, "மண்வெட்டி" என்று திருப்பிச் சொன்னார். பேச்சைத் தொடர அவரால் முடியவில்லை. நாங்கள் பாட்டை எடுத்தோம்.

போன பெருமழைக்குப் பிறகு சமிசோனி காய்ச்சலில் போனார். அவருக்கு அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. கடைசிவரை அந்த பெஞ்ச்தான். புதுப் போதகர் எங்கள் ஊர்க்காரரே. அவர்தான் சமிசோனியை மகளுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்து ஜெபித்தார்.

துக்க வீட்டில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். எடிசா தலையில் ஒரு கூடை சோள மாவோடு வந்தாள். மாவை அடுக்களையில் வைத்துவிட்டு, பெண்களை விலக்கிக்கொண்டு வந்து லோனஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அன்னைக்கு இவர் வாயைத் திறக்காம இருந்திருந்தா, நான் அந்த வெள்ளைக்காரரைத் திட்டிக்கிட்டே காலத்தை ஓட்டியிருப்பேன். அவரும் கப்பலேறிப் போயிருப்பாரு. எனக்குச் சுலபமா இருந்திருக்கும், மெலிஃபா அம்மா. ஒரே ஊர்ல ஒரு மனுஷனைத் தினம் பாத்துக்கிட்டு வெறுக்க முடியல. மன்னிக்கவும் முடியல."

"அவருக்கும் தெரியும்" என்றாள் லோனஸ். "நீ தண்ணி எடுத்துட்டுப் போன பிறகுதான் அவர் கிணத்துக்குப் போவாரு."

எடிசா அப்போதுதான் அழுதாள். ஜெரெமானியின் அடக்கத்தில்கூட அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை. லோனஸ் அழவில்லை. எடிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, வாசலில் களி கிண்டுகிறவர்களைப் பார்த்து, எடிசா மாவையும் சேத்துப் போடுங்க என்று சொன்னாள்.