பாட்டாவின் காய்ச்சல்

என் பாட்டா பர்மாவில் செத்துப்போய்விட்டார் என்ற செய்தியை அவரிடம் முதலில் சொன்னவள் நான்தான். அப்போது அவர் எங்கள் வீட்டு முற்றத்தில் குத்தவைத்து நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பதினொரு வயது. நல்ல சேதி கொண்டுபோகிறவளைப் போல ஓடினேன்.

பாட்டா என்றால் எங்கள் பக்கத்தில் தாத்தா. இவர் அப்பாவின் அப்பா. எங்கள் வீடு வெள்ளறடையிலிருந்து பனச்சமூட்டுக்குப் போகிற வழியில், ஒரு ரப்பர் தோட்டம் முடிகிற இடத்தில் இருந்தது. பின்னால் மரச்சீனி விளை, அதாவது மரவள்ளித் தோட்டம்; அதைத் தாண்டினால் தமிழ்நாடு. எங்கள் கோழிகள் இரண்டு மாநிலத்திலும் மேய்ந்துவிட்டுக் கேரளத்தில் முட்டையிடும்.

பாட்டாவுக்கு ஒரு தம்பி இருந்தார். உலகப்போர்க் காலத்தில் பட்டாளத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் போவதாக இருந்தது என்றும், புறப்படுகிற அன்று பாட்டாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டதால் தம்பி மட்டும் போனார் என்றும் வீட்டில் சொல்வார்கள். அந்தக் காய்ச்சலுக்கு எங்கள் குடும்பத்தில் பெரிய மரியாதை. அது வந்திராவிட்டால் அப்பா இல்லை, நானும் இல்லை. சாயங்கால ஜெபத்தில் அம்மா மழைக்கும் சோற்றுக்கும் நன்றி சொன்ன கையோடு அந்தக் காய்ச்சலுக்கும் தவறாமல் ஸ்தோத்திரம் சொல்லுவாள். சரியாக அந்த இடத்தில் பாட்டாவுக்கு இருமல் வரும். கண்ணை மூடிக்கொண்டு நான் அந்த இருமலுக்காகக் காத்திருப்பேன். அது வந்துவிட்டால் ஜெபம் முடியப்போகிறது என்று அர்த்தம்.

அந்த வருஷம் எங்கள் சபையார் சர்ச் வாசலில் ஒரு கல் வைக்கத் தீர்மானித்தார்கள். சபையிலிருந்து யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களை அதில் வெட்டுவதாக ஏற்பாடு. ஆனால் ஏதாவது ஒரு காகிதம் காட்ட வேண்டும் என்று கமிட்டியில் நிபந்தனை போட்டுவிட்டார்கள். இல்லாவிட்டால் வீட்டில் சண்டைபோட்டுப் பம்பாய்க்கு ஓடிப்போனவனெல்லாம் கல்லில் ஏறிவிடுவான் என்று அவர்களுக்குக் கவலை.

எங்களிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தந்தி ஒன்று வந்ததாம், அதைக் கரையான் தின்றுவிட்டதாம். பாட்டா எதற்கும் பிடிவாதம் பிடிக்கிற ஆளில்லை. கொடுத்ததைச் சாப்பிடுவார், சொன்ன இடத்தில் படுப்பார். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விடவில்லை.

“அவனுக்குன்னு ஒரு குழிகூட இல்லல்லா,” என்றார் அப்பாவிடம். “பேராவது அங்க கெடக்கட்டும்.”

அப்பா நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீலிடம் குமஸ்தா. காகிதம் இல்லாத எதுவும் நடந்ததாக அவர் ஒப்புக்கொள்வதில்லை. என் பிறந்தநாளைக்கூடச் சான்றிதழை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாழ்த்துவார். அவருக்கு இது கரும்பு தின்னக் கிடைத்த மாதிரி இருந்தது. சனிக்கிழமைகளில் ஃபைலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்புவார். நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும் பழம்பொரிக்காக நானும் ஒட்டிக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் பாட்டா வாசல்வரை வந்து, “ஒண்ணும் கிட்டாது, விட்டுரு மக்கா,” என்பார். கல்லில் பெயர் வேண்டும் என்று உயிரை விடுகிறவர் ஏன் தேடப் போகிறவர்களை இப்படி முடக்குகிறார் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பாட்டா சொன்னதுபோலவே ஒன்றும் கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் ஒருவர், “சாரே, ஆ ஃபயலொக்கெ அங்ஙோட்டு போயில்லே?” என்று, ஃபைலெல்லாம் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டதாகத் தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். நாகர்கோவிலில் ஒருவர், எல்லை பிரிந்தபோது உங்கள் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டதே, ஃபைல் மட்டும் எப்படி இங்கே இருக்கும் என்று கேட்டார். இரண்டுமே நியாயமாகத்தான் பட்டது. கடைசியில் அப்பா வடக்கே ஒரு ராணுவ ஆபீஸுக்குத் தம்பியின் பெயர், ஊர், தகப்பனார் பெயர் எல்லாம் எழுதி இங்கிலீஷில் ஒரு மனு அனுப்பினார். பல மாதம் கழித்து, எல்லோரும் அதை மறந்த பிறகு பதில் வந்தது.

அந்தப் படைப்பிரிவின் ஏடுகள் பின்வாங்கும்போது தொலைந்துபோயின. மிஞ்சியது ஒரு பட்டியல்தான். நீங்கள் கேட்ட பெயர் அதில் இல்லை. ஆனால் அதே ஊரில், அதே தகப்பனாருக்குப் பிறந்த இன்னொருவரின் பெயர் உண்டு. அவர் பர்மாவில் இறந்தார். இதுதான் கடிதம். அந்த இன்னொருவரின் பெயர் பாட்டாவின் பெயர்.

அப்பா வாசித்து முடிக்கும் முன்பே நான் முற்றத்துக்கு ஓடிவிட்டேன்.

“பாட்டா, நீங்க செத்துப்போயிட்டீங்களாம்! பர்மாவுல! கவர்மென்டு எழுதியிருக்கு!”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். மிளகைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது.

“எப்பிடியாம்?”

நான் திரும்ப ஓடி அப்பாவிடம் கேட்டுவிட்டு வந்தேன். “காய்ச்சலாம் பாட்டா.”

அவர் எழுந்து வீட்டுக்குள் போனார். மிளகை அள்ளி வைக்கவில்லை. மழை வந்து மிளகு நனைந்ததற்கு அம்மா என்னைத்தான் திட்டினாள்.

அப்பாவுக்கு இதில் குழப்பமே இல்லை. எழுதினவன் தம்பி பெயருக்குப் பதில் அண்ணன் பெயரை எழுதிவிட்டான், அவ்வளவுதான். அண்ணனே ஒரு சத்தியக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. மறுநாளே முத்திரைத்தாளில் டைப் அடித்துக் கொண்டுவந்தார். நான் பட்டாளத்தில் சேர்ந்ததே இல்லை, என் பெயர் பட்டியலில் இருப்பது ஆபீஸின் தவறு என்று அதில் இருந்தது. பாட்டா கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். பேனாவைக் கையில் எடுத்தார். பிறகு மூடி, தாளின்மேல் வைத்தார்.

“இதுல ஒப்பு போட மாட்டேன். ஞாயித்துக்கெழம சபையில நானே சொல்லுதேன்.”

“சும்மா ஒரு ஒப்புதானே அப்பா,” என்று அப்பா கெஞ்சினார். பாட்டா கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பாட்டா எழுந்து நின்றார். நான் பெண்கள் பக்கத்தில் அம்மாவோடு இருந்தேன். அவர் சபையில் பேசி நான் பார்த்ததே இல்லை. சத்தம் போதாமல் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

“ஆளெடுப்புல பேரு குடுத்தது நானாக்கும். சீட்டு கிட்டினதும் என் பேருக்காக்கும். எந்தம்பிக்கு வயசு தெகையல்ல, பதினாறுதான். போவேண்டிய அன்னைக்கு காய்ச்சல்னு சொல்லிப் படுத்திட்டேன். காய்ச்சல் ஒண்ணும் இல்ல. பயமாக்கும். அவன் அந்தச் சீட்ட எடுத்திட்டுப் போனான். தந்தியும் கரையான் தின்னல்ல. அதுல எம்பேரு கெடந்துது, நானாக்கும் கீறிப்போட்டது. கல்லுல அவன் பேர வெட்டணும். வேற காயிதம் எங்கிட்ட இல்ல.”

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை. உட்காரலாமா என்று தெரியாதவர்போல நின்றுகொண்டிருந்தார். பாஸ்டர் இறங்கி வந்து அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. தம்பியின் பெயர் இன்றைக்கும் அந்தக் கல்லில், மேலிருந்து மூன்றாவது வரியில் இருக்கிறது. போன மாதம்கூடப் பார்த்தேன்.

அன்று சாயங்கால ஜெபத்தில் அம்மா மழைக்கும் சோற்றுக்கும் நன்றி சொன்னாள், அதோடு ஆமென் சொல்லிவிட்டாள். இருமல் வரவில்லை. ஜெபம் சுருங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

எனக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் கணக்குப் பரீட்சை. வயிற்றுவலி, தலைவலி எல்லாம் அந்த வருஷம் முன்பே செலவாகிவிட்டன. ஆனால் பயம் என்று நேரடியாகச் சொல்லலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. பெரிய ஒரு மனுஷன் அத்தனை பேருக்கு நடுவில் சொன்னார், யாரும் அடிக்கவில்லை, பாஸ்டரே கையைப் பிடித்தார். இதைவிட நல்ல வழி வேறென்ன இருக்கிறது?

காலையில் மரச்சீனிக் கிழங்குக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“இன்னைக்கு நான் ஸ்கூலுக்குப் போகல்ல. காய்ச்சல் ஒண்ணும் இல்ல. பயமாக்கும்.”

சம்மந்திச் சட்னியை எடுத்த அம்மாவின் கை அப்படியே நின்றது. அப்பா தட்டைப் பார்த்தார். பாட்டாவைக் கேலி செய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். சத்தியமாக இல்லை. அடி விழப்போகிறது என்று நான் முதுகை வளைத்துக்கொண்டேன்.

பாட்டாதான் எழுந்தார். கை கழுவி, சட்டை போட்டு, குடையை எடுத்தார்.

“பயமிருக்கும் மக்கா. வா, நானும் கூட வாறேன்.”

என் தந்திரம் பாழானதில் எனக்கு அழுகை வந்தது. வழியெல்லாம் அவர் என் கையை விடவில்லை. ஓடிவிடுவேன் என்று நினைக்கிறார் என்று எனக்குக் கோபம். பள்ளிக்கூட வாசலில் விட்டதும் திரும்பிப் போவார் என்று பார்த்தால் போகவில்லை. கேட்டுக்கு வெளியே, பலாமரத்தின் கீழ் நின்றார். கணக்கு வராதபோதெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கறுப்புக் குடை அங்கேயே இருந்தது.

மணி அடித்து வெளியே வந்தபோதும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“போயி எழுதினியா மக்கா?”

“எழுதினேன்.”

அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்து வழிந்தது. தோள்துண்டால் துடைக்கத் துடைக்க வந்தது. வாசலில் பிள்ளைகள் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவ்வளவு மோசமில்லை பாட்டா, எப்படியும் பாஸாகிவிடுவேன் என்று வீடு வரும்வரை ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தேன்.