மேஸ்திரி துப்பின பிறகு

கல்குவாரியில் வெடி வைத்தால் மேஸ்திரி உடையப்பன்தான் முதலில் தனியாகக் குழிக்குள் இறங்குவார். வெடித்த பாறைமேல் உட்கார்ந்து, மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, சுண்ணாம்பு தடவி, மென்று, ஒரு தடவை துப்புவார். அதற்கப்புறம்தான் ஆட்கள் சம்மட்டியோடு இறங்குவார்கள். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சியோடு சேர்ந்த வருஷம், நாற்பத்தெட்டில், அவர் மேஸ்திரி ஆனார். அன்றிலிருந்து இதுதான் வழக்கம். எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் யாருக்குத் தெரியும்! "மேஸ்திரி துப்பிட்டாரு, வாங்கடா" என்பார்கள், அவ்வளவுதான்.

துப்புவதற்கு முன்னால் எண்ண வேண்டும். எட்டுத் துளையில் மருந்து கெட்டித்துத் திரி கொளுத்தினால் எட்டுச் சத்தம் வர வேண்டும். ஏழு என்றால் ஒன்று வெடிக்காமல் உள்ளே கிடக்கிறது. யாரும் இறங்கக் கூடாது. மற்றவர்கள் எண்ணுவதில்லை. மேஸ்திரி எண்ணுகிறாரே, அப்புறமென்ன?

ஐம்பத்தேழில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. ஒன்பது வருஷம் வெடிக்குப் பக்கத்திலேயே நின்றால் வேறென்ன ஆகும்? வீட்டில் செவந்தி, "ஏங்க, எத்தனை தடவ கூப்புடுறது, செவுடா ஒங்களுக்கு?" என்று கத்துவாள். குவாரியில் அவர் மூச்சு விடவில்லை. சொன்னால் மேஸ்திரி வேலை போய்விடும். காலடியில் தரை அதிர்வதை வைத்தே எண்ணிவிடலாம் என்று நினைத்தார்.

அந்தப் புரட்டாசியில் ஒருநாள் எட்டு என்று எண்ணினார். இறங்கினார், வெற்றிலை போட்டார், துப்பினார். வெடித்தது ஏழுதான். எட்டாவதாக அவர் எண்ணியது ஒரு கல் சரிந்து விழுந்த அதிர்வு. கல் உடைக்கும் அய்யாக்கண்ணு உளியை வைத்து ஓங்கி அடித்த இடத்தில் வெடிக்காத மருந்து கிடந்தது. ஆளை வேட்டியில் அள்ளித்தான் கொண்டுவந்தார்கள்.

உடையப்பன் அழவில்லை. அழுகை வரவில்லை, பாவம். கஞ்சியில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவருக்கு உறைக்கவில்லை. வெற்றிலையை அன்றோடு விட்டார்.

குவாரி காண்டிராக்டர் வீட்டுக்கே வந்து காதோரம் கத்தினார். "நாளைக்குத் திருச்சியிலேருந்து விசாரிக்க ஆபீசர் வாராரு. நீ துப்புறதுக்கு முந்தியே அய்யாக்கண்ணு அவசரப்பட்டு எறங்கிட்டான்னு சொல்லிரு. செத்தவன் வந்து இல்லேங்கப் போறானா?"

சொல்லியிருக்கலாம். வேலையும் நிலைத்திருக்கும். அய்யாக்கண்ணு மட்டும் தன் அவசரத்தால் செத்தவன் என்று ஆகியிருப்பான். அவன் பெண்டாட்டி காத்தாயிக்கு நஷ்டஈடு ஒன்றும் கிடைத்திருக்காது.

மறுநாள் ஆபீசரிடம் உடையப்பன் கைகட்டி நின்று சொன்னார். "ஆறு மாசமா எனக்குக் காது கேக்காதுங்க. மறைச்சுட்டேன். நான் துப்புன பொறகுதான் அவன் எறங்குனான்."

மேஸ்திரி வேலை போயிற்று. மேலே பெண்களோடு உட்கார்ந்து ஜல்லி உடைத்தார். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. காத்தாயியும் அங்கேதான் ஜல்லி உடைத்தாள், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நாலு வருஷம் ஒரு பேச்சு இல்லை. கல்லை வைப்பார், உடைப்பார், தள்ளுவார்.

இடையில் இருந்த மேஸ்திரியும் வழக்கப்படி முதலில் இறங்கித் துப்பியவர்தான். அறுபத்தொன்றில் அவர் போய், சிவசாமி என்று புது மேஸ்திரி வந்தார். வெடித்ததும் மேலே நிழலில் நின்றபடியே "எறங்குங்கடா" என்பார், மகராசன். இரண்டு நாள் பார்த்தார்கள். மூன்றாம் நாள் ஒருவரும் அசையவில்லை.

"மொதல்ல உடையப்பண்ணன் எறங்கட்டும்" என்றான் பெரியண்ணன். உளி பிடிப்பதில் மூத்த ஆள் அவன்.

"அந்தச் செவிட்டு ஆளா?" என்று சிவசாமி சிரித்தார்.

பெரியண்ணன் ஜல்லிக் குவியலுக்கே வந்து கூப்பிட்டான். உடையப்பனுக்கு எரிச்சல் வந்தது. "எனக்குத்தான் கேக்காதுன்னு தெரியுமில்ல? என்னைய ஏன்டா இழுக்குறீங்க?"

"கேக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க" என்று பெரியண்ணன் அவர் காதில் கத்தினான். "வேற எவன் சொல்லுவான்?" தன் வெற்றிலைப் பையை அவர் கையில் திணித்தான்.

அவர் இறங்கினார். பயமில்லை. ஒன்று கிடந்து வெடித்தாலும் வெடிக்கட்டும் என்றுதான் இருந்தது. பாறைமேல் உட்கார்ந்து வெற்றிலையை மென்றார். எத்தனை வெடித்தது என்று அவருக்குத் தெரியாது. தெரியாமல் எப்படித் துப்புவது? வாயை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பின்னால் யாரோ இறங்கி வந்தார்கள். காத்தாயி. அவர் துப்பாமல் யாரும் இறங்கக் கூடாத குழிக்குள் வந்து, அவர் காதருகே குனிந்தாள்.

"எட்டும் வெடிச்சிருச்சு. அவரு போன நாள்லேருந்து நான் எண்ணாத நாளில்ல. துப்புங்கண்ணே."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக உடையப்பனுக்கு நாக்கில் சுண்ணாம்பு சுட்டது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. துப்பினார். ஆட்கள் இறங்கி வந்தார்கள்.