தேயிலை லோடு கைவிட்டுப் போன சனிக்கிழமை

லாரிக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால், எது சுகமான லோடு என்ற வாக்குவாதம் வந்தே தீரும். கொட்டகலை பஜாரில் நானாவின் தேத்தண்ணிக் கடைதான் எங்கள் இடம். மெத்தை என்பான் ஒருவன், பாரமே கிடையாதாம். சீமெந்து என்பான் இன்னொருவன், அடுக்கிவிட்டால் அசையாதாம்.

"சவப்பெட்டிதான் சொகம். பொலிஸ்காரன்கூட கைய காட்டி நிப்பாட்ட மாட்டான்" என்று நானா நடுவில் ஒன்றைப் போடுவார்.

என் கட்சி எப்போதும் தேயிலைதான். அழுகாது, ஒழுகாது, உடையாது. விடிந்ததும் தோட்டத்து ஃபெக்டரியில் ஏற்றினால், கொழும்பு ஸ்டோரில் இறக்கிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். தேயிலைக்கு வருவதற்கு முன் ஆறு வருஷம் கந்தப்பளையிலிருந்து தம்புள்ளைச் சந்தைக்கு லீக்ஸ், கோவா என்று மரக்கறி ஓட்டினேன். பொழுது சாயக் கிளம்பி விடிய விடிய ஓட வேண்டும். நான் வீடு வரும்போது மகள் பள்ளிக்கூடம் போயிருப்பாள், அவள் வரும்போது நான் லோடு ஏற்றக் கந்தப்பளைக்குப் போயிருப்பேன். தேயிலை ஓட்டம் கிடைத்த பிறகுதான் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். அந்த ஓட்டத்தை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

தேயிலைக்கு ஒரே ஒரு குணக்கேடு உண்டு. பக்கத்தில் எந்த வாசம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். அதனால் ஏற்றுவதற்கு முன், ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் லாரியின் பெட்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தச் சொல்லி, இருட்டில் நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். நான் கருவாடு, வெங்காயம் எதையும் வண்டியில் தொட்டதில்லை. கடைக்கு ஒரு மூட்டை கருவாடு கொண்டுவரச் சொல்லி நானா கெஞ்சிக் கேட்டும் முடியாது என்றவன்.

போன வருஷம் நான் கொழும்புக்கு ஓடும் பாதையில், கினிகத்தேனை வளைவில், யாரோ ஒருவரின் லாரி கவிழ்ந்தது. அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம், நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில், என் மனைவி அந்தப் பயத்தில் வீட்டுக்குப் போட்ட சாம்பிராணியை லாரிக்கும் போட்டிருக்கிறாள். முன்பக்கம் காட்டினால் போதாதா? பெட்டிக்குள் ஏறி மூலைமூலையாகக் காட்டி, புகை வெளியே போகாமல் கதவையும் சாத்தியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

மறுநாள் காலை ஃபெக்டரியில் கதவைத் திறந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. சாம்பிராணி வாசம் முற்றம் வரை வந்தது. டீமேக்கர் உள்ளே ஏறவே இல்லை.

"என்ன டிரைவர், இது லாரியா, சாமி அறையா?"

"ஐயா, ரெண்டு மணித்தியாலம் குடுங்க. கழுவிக் காயவச்சிட்டு வர்றேன்."

"பலகையில ஏறிருச்சு, கழுவுனா போகுமா? முந்தி ஒரு லோடு வாசம் புடிச்சுத் திரும்பி வந்து, ஏச்சு வாங்குனது நான். யாரு போட்டது?"

மனைவி பேரைச் சொல்லி, அந்த முற்றத்தில் அவளுக்கு ஏச்சு விழ வைக்க மனம் வரவில்லை.

"நான்தாங்க ஐயா."

"இத்தன வருஷம் ஓட்டுறீங்க, ஒங்களுக்கே தெரியலன்னா நான் எப்படி நம்பி ஏத்துறது?"

வீட்டு ஆள் அறியாமல் செய்தது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். வேறு லாரி வந்தது. அடுத்த வாரமும் அதே லாரிதான் வந்தது. நான் பழையபடி கந்தப்பளைக்கே போனேன்.

மனைவி மேல் ஆத்திரம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அவளிடம், "லாரி பழசாப் போச்சாம், வேற எடுத்துட்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவள் சாம்பிராணி டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தாள். பிறகு, "யாரோ கண்ணு வச்சிட்டாங்க. இந்த வெள்ளிக்கு இன்னும் கொஞ்சம் கூடப் போடுறேங்க" என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. எந்த வாசமும் லீக்ஸை ஒன்றும் செய்யாது.