டேம்பரில் கட்டிய கயிறு

எஸ்தர் மாட்டிய டேம்பர் சரியில்லை, அதனால்தான் ஆள் விழுந்தார் என்று சொல்லி, பந்தயத்துக்கு எங்கள் பட்டறை மெக்கானிக்காகப் போகவிருந்த அவள் பெயரை நீக்கிவிட்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் கேட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் என்று விடுமளவுக்கு நான் நடுநிலையானவள் இல்லை.

கரட்டுப் பாதையில் ஓட்டும் பைக்குக்கு ஸ்டியரிங் டேம்பர் மாட்டுவது, ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாத வேலை. ஆள் விழுந்தால்தான் மாட்டியது யார் என்று கேட்பார்கள். எங்கள் பட்டறை சிங்காநல்லூரில். நான் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். வகுப்பில்லாத நாட்களில் இங்கே வேலை. எஸ்தர் டிப்ளமோ முடித்துவிட்டு முழுநேரமாக இருப்பவள். வாடிக்கையாளர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்த அனுபவம் உள்ளவர்களுக்கு மீதியெல்லாம் புரியும்.

எதுக்குங்க அது?

கல்லில் முன்சக்கரம் மோதினால் ஹேண்டில் படாரென்று ஒரு பக்கம் வெட்டும். மணிக்கட்டு போகும், சில நேரம் ஆளே போவார். டேம்பர் என்பது எண்ணெய் அடைத்த சின்ன டப்பா. அந்த வெட்டை வாங்கி மெதுவாக்கும். ஆபீஸ் கதவு அறையாமல் மெல்லச் சாத்துவதற்கு மேலே ஒன்று மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரி.

மகனுக்காக வாங்க வந்த மேட்டுப்பாளையம் பாக்கு வியாபாரி ஒருவருக்கு இப்படித்தான் விளக்கினேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, எங்கூட்டுக்காரி வாய்க்கு ஒண்ணு மாட்ட முடியுமுங்களா?" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நான் சண்டைக்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, எஸ்தர் ஸ்பேனரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "மாட்டலாமுங்க. ஆனா மொதல்ல பேசுனவங்க வாய்க்குத்தான் அளவெடுக்கோணும்."

யாரூட்டுப் பொண்ணு

பின்னால் விழப்போகும் வெள்ளகோவில்காரர் வந்தது அதற்கப்புறம். எண்ணெய் மில் குடும்பம், புது பைக், நல்ல ஓட்டக்காரர். எஸ்தர் முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி முதலில் ஹேண்டில் திரும்பும் தண்டின் பேரிங்கைப் பார்த்தாள். அது லூசாக இருந்தால் டேம்பர் மாட்டியும் வீண். பிறகு ஹேண்டில்பாரைக் கழற்றி நடுவில் டப்பாவை உட்காரவைத்தாள். டப்பா ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும். அதிலிருந்து நீளும் கை மட்டும், ஃப்ரேமில் இருக்கும் பின்னைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஒன்று திரும்ப, ஒன்று நிற்க, நடுவில் எண்ணெய் இழுத்துப் பிடிக்கும். இது புரிந்தால் போதும், மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

கடைசியாக இஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பிக் காட்டினாள். எங்கேயும் தட்டவில்லை, ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபட்டு இஞ்சின் சத்தம் ஏறவுமில்லை. அவர் பைக்கைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க யாரூட்டுப் பொண்ணுங்க?" என்றார். இந்தக் கேள்வி எதைத் துழாவுகிறது என்று நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டே, "எங்கூட்டுப் பொண்ணுதானுங்க" என்றாள்.

மரியாதை

அடுத்த வாரமே அவரிடமிருந்து போன் வந்தது. மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஜல்லி ஏற்றத்தில், இறுக்கமான வளைவில், ஹேண்டில் பாதியில் நின்றுவிட்டதாம். விழுந்ததில் தோள்பட்டைக் காறை எலும்பு முறிந்துவிட்டதாம். "அந்தப் பொண்ணு மாட்டுனதுதான் புடிச்சுக்கிச்சு" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. எங்கள் ஓனர் அண்ணன், "செரிங்க தம்பி, பாத்துக்கறேனுங்க" என்றார். மறுபடியும் "செரிங்க". சாயங்காலத்துக்குள் எஸ்தருக்குப் பதிலாகப் பந்தயத்துக்கு வேறு ஆள்.

பைக்கைக் கண்ணால் பார்க்காமல் 'செரிங்க' என்றால் தப்பை ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம் என்று நான் மல்லுக்கு நின்றேன். எஸ்தர் பந்தயத்துக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த ஸ்பேனர்களைத் திரும்பப் பலகையில் மாட்டினாள். அதைப் பார்த்துக்கொண்டே அண்ணன் என்னிடம் சொன்னார்: "அடிபட்டுக் கெடக்கறவருகிட்ட எதுத்துப் பேசுனா நல்லாவா இருக்கும், அம்மணி?"

சாமி கயிறு

பைக் வேனில் வந்து இறங்கியது. டேம்பரின் கையையும் ஹேண்டில்பாரையும் சேர்த்து, சந்தனம் குங்குமத்தோடு, விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கயிறு. புதுச் சாமான் மாட்டினால் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டுக் கயிறு கட்டுவது வழக்கம்தான். நட்ட நடுவில் பளபளவென்று இருப்பது டேம்பர்தானே, அதிலேயே கட்டிவிட்டார்கள். திரும்ப வேண்டியதையும் நிற்க வேண்டியதையும் ஒன்றாகக் கட்டினால் என்ன ஆகும்? ஹேண்டிலை ஃப்ரேமோடு கட்டியதுதான். கயிறு கொஞ்சம் தளர்வு, அதனால் நேர்ப்பாதையில் தெரியாது. வளைவில்தான் தெரியும்.

திருப்பிக் காட்டினேன். பாதியில் நின்றது. அண்ணனுக்கு நன்றாகவே புரிந்தது, முகத்தில் தெரிந்தது. அவிழ்க்கக் கை நீட்டினேன், தடுத்துவிட்டார். "சாமி கயிறு அம்மணி. அதெப்போயி நாம குத்தஞ்சொல்லலாமுங்களா?"

கேட்டு வாங்கிய பதில்

வெள்ளகோவில்காரர் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, டேம்பரைக் கழற்றச் சொல்வதற்கு நேரிலேயே வந்தார். வெளியே காரில் அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். நல்ல கையால் ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள் என்றேன். திருப்பினார், நின்றது. எஸ்தர் பக்கத்தில் வந்து, "அவுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். முடிச்சை அறுக்காமல் பொறுமையாக அவிழ்த்து, கயிற்றைப் பின்பக்கக் கம்பியில் கட்டினாள். இப்போது ஹேண்டில் கோடிக்குக் கோடி போய் வந்தது. அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பந்தயத்துக்கு நீயே போயிட்டு வா கண்ணு" என்றார். எஸ்தர் பலகையிலிருந்து ஸ்பேனர்களை எடுக்கப் போனாள்.

அத்தோடு விட எனக்கு மனம் வரவில்லை. விழுந்த இடத்திலேயே கயிறு விறைத்து நின்றதைப் பார்த்திருப்பீர்களே, தெரிந்தேதானே இவள்மேல் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் வெளியே காரைத் திரும்பிப் பார்த்தார். பழி போடுவதற்கும் 'ங்க' சேர்க்கும் ஊர் எங்களுடையது என்பதற்கு அவர் தலை குனிந்தபடி சொன்ன பதிலே போதும்: "எங்கம்மா கட்டுனதுங்க அது, அதனாலதான் உளுந்தேன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க, இவங்க தாங்கிக்குவாங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க."