ஒஸ்லோ நிலையத்தில் மரக்கறி ராமென்

விமான நிலையத்திலிருந்து வந்த ரயில் ஒஸ்லோ மத்திய நிலையத்தில் நின்றபோது பிற்பகல்தான். வெளியே அதற்குள் இருட்டத் தொடங்கியிருந்தது. கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு, பெட்டியை இறக்கினேன்.

அண்ணர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கணையத்தில் புற்றுநோய். விசா இழுபட்டதால் நான் யாழ்ப்பாணத்திலிருந்து நினைத்ததைவிடப் பிந்தித்தான் புறப்பட முடிந்தது. கடைசியாகத் தொலைபேசியில், "வா, கதைப்பம்" என்று மட்டும் சொல்லியிருந்தார். குரலில் காற்றுத்தான் அதிகம் இருந்தது. இறங்கியதும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனால் கதைத்துவிடலாம் என்று விமானத்தில் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டு வந்தேன்.

மேடையில் அண்ணரின் மகள் நின்றாள். இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் படிப்பவள். என்னைக் கட்டிப்பிடித்தாள், பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா எப்பிடி?"

"ஆஸ்பத்திரியிலதான், சித்தப்பா."

"அப்ப நேரே போவம்."

"முதல் சாப்பிடுவம். பிளேனில என்ன தந்திருக்கப் போறாங்கள்."

"பசியில்லை மோனை."

"எனக்காகச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி முன்னால் நடந்தாள்.

நிலையத்துக்குள்ளேயே ஒரு ராமென் கடை. உயரமான முக்காலிகள், நீளமான மரப்பலகை. கண்ணாடிக்கு அப்பால் ஆட்கள் பனி ஒட்டிய சப்பாத்துகளோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவள் பணம் கட்டும் இடத்தில் நின்று நோர்வீஜிய மொழியில் நெடுநேரம் விசாரித்தாள். கடைக்காரப் பெண் உள்ளே போய்ப் பானையைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னாள். பிறகு என் முன்னால் கிண்ணம் வந்தது: கலங்கிய சூப், நூடுல்ஸ், காளான், சோளம், சோயாக் கட்டிகள். அவளுக்கு முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர்.

"இடியப்பத்தைச் சொதிக்குள்ள ஊறப் போட்டிருக்கிறாங்கள்" என்றேன்.

"அப்பாவும் இப்பிடித்தான் சொல்லுவார். குச்சியோ, முள்ளுக்கரண்டியோ? இஞ்சை ஆரும் சிரிக்கமாட்டினம். நான் மட்டும்தான்."

"முள்ளுக்கரண்டி."

சிரிக்கத்தான் பார்த்தாள். இமைகள் வீங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். பக்கத்திலிருந்த ஆளின் கிண்ணத்தில் பன்றி இறைச்சித் துண்டுகளும் பாதியாக வெட்டிய முட்டையும் கிடந்தன.

"முட்டைகூட இல்லையே, பிள்ளை."

"அம்மா மரக்கறிதான் வாங்கிக் குடுக்கச் சொன்னவ. சூப்பிலயும் மச்சம் இல்லையோ எண்டு கேட்டு வாங்கச் சொன்னவ."

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமையில் மட்டும்தான் நான் மீன், இறைச்சி என்று மச்சம் சாப்பிடுவதில்லை என்பது அண்ணிக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஆட்கள் தூரத்திலிருந்து வருபவருக்கு வழியில் வைத்துச் செத்தவீட்டைச் சொல்லமாட்டார்கள். முதலில் வயிற்றுக்கு ஏதாவது கொடுப்பார்கள். சொல்லிவிட்டால் ஆள் சாப்பிடாது என்பதற்காக. அத்தோடு, சாவுத் தீட்டான துடக்கு வந்தது தெரியாமல் அவர் மச்சம் தின்றுவிடக் கூடாது என்றும் பார்ப்பார்கள். அண்ணி இரண்டையும் மறக்கவில்லை. இரண்டாவதில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

நூடுல்ஸைச் சுற்றி எடுத்தேன், ஊதினேன், மென்றேன். சாப்பிட்டு முடியும்வரை அவள் சொல்லமாட்டாள். ஆகவே மெதுவாகச் சாப்பிட்டேன். காளானைத் துண்டு துண்டாக வெட்டினேன். சோளத்தை ஒவ்வொன்றாக எடுத்தேன். ருசி ஒன்றும் தெரியவில்லை, சூடு மட்டும் தொண்டையில் இறங்கியது. பலகைக்கு மேலிருந்த அறிவிப்புத் திரையில் அவர்களுடைய வீடிருக்கும் ஹவுகெட்டோவுக்குப் போகும் ரயில் வந்து, மறைந்து, அடுத்தது வந்தது. அவள் அதைப் பார்க்கவேயில்லை. என் கிண்ணத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை இன்னும் காக்கவைப்பது பாவம் என்று பட்டது.

"எப்ப மோனை?"

அவள் கிண்ணத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "நீங்கள் இன்னும் முடிக்கேல்லை."

"முடிக்கிறன். எப்ப?"

"விடியக்காலமை. நீங்கள் பிளேனில இருக்கேக்க." கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மா என்னை ஏசுவா, சித்தப்பா. முழுக்கச் சாப்பிட்டாப் பிறகுதான் சொல்லோணும் எண்டவ" என்றாள்.

"நீ சொல்லேல்லை. நான்தானே கேட்டனான்."

"நேற்றுப் பின்னேரம் அப்பா கேட்டவர், நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டு. கொழும்பில ஏறிட்டார் எண்டு சொன்னன். சரி எண்டு தலையாட்டினவர். பிறகு கதைக்கேல்லை."

அந்தத் தலையாட்டலை அண்ணரின் கடைசிப் பேச்சாக நான் வாங்கிக்கொண்டேன். வேறு ஒன்றும் வாங்குவதற்கு இருக்கவில்லை. பக்கத்து ஆள் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

"நீ சாப்பிட்டனியோ?"

"இல்லை. எனக்குச் சாப்பிடலாமோ எண்டு தெரியேல்லை. பிரேதம் எடுக்குமட்டும் அடுப்பு மூட்டக்கூடாது எண்டு அம்மா இருக்கிறா. ஆனா இஞ்சை அப்பாவை அடுத்த கிழமைதான் எரிக்கலாமாம். அதுவரைக்கும் நாங்கள் என்ன செய்யிறது?"

ஊரில் அன்றோ மறுநாளோ எடுத்துவிடுவார்கள். ஒரு பிணம் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் அடுத்த கிழமைவரை முறைக்குக் காத்திருப்பதற்கு எங்களிடம் விதி எதுவும் இல்லை. அண்ணர் இருந்தால் அவரிடம்தான் கேட்பேன். இப்போது அவள் என்னைக் கேட்டாள்.

"மூட்டலாம். நான் அம்மாவோட கதைக்கிறன்" என்றேன்.

அவள் வீட்டுக்குப் போய், முழுக்கச் சாப்பிட்டார் என்று பொய் சொல்லக்கூடாது என்பதற்காகக் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி, ஆறிப்போன சூப்பை அடிவரை குடித்தேன். பிறகு அவளுக்கு ஒன்று வாங்க எழுந்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.