ஏழாவது துண்டு

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் வீடியோ ஸ்டூடியோவில் கத்திரி என்று பெயர். எடிட்டிங்கில் உட்கார்ந்துவிட்டால் முதலாளியின் மச்சான் என்றும் பார்க்க மாட்டார், வெட்டிவிடுவார். மெயிலில் போகாத பெரிய ஃபைல்களைத் துண்டு போட்டு அனுப்புவதும் அவர்தான். கூடவே கம்ப்யூட்டரில் ஓட்டுகிற குட்டி ஸ்கிரிப்ட் ஒன்றும் போகும். வாங்குகிறவர் அதை ஓட்டினால் துண்டுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு பழையபடி ஒரே ஃபைலாகிவிடும். ஒரு துண்டு குறைந்தாலும் படம் ஒழுங்காக ஓடாது.

இத்தனை சாமர்த்தியம் உள்ள மனுஷனுக்குப் பெற்ற மகளிடம் பேசத்தான் வாய் வராது. அவள் வேலை கிடைத்து வேறு ஊர் போனதிலிருந்து, ஃபோன் வந்தால் "சாப்டியா? இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான். என்னிடம் பேசும்போது அவள் குரல் சுரத்தில்லாமல் இருக்கும். எனக்கு இவர்மேல் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் அவள், சின்ன வயதில் சைக்கிள் பழகிய வீடியோவைக் கேட்டாள். இவரும் துண்டு போட்டு அனுப்பினார். ஏழாவதை மட்டும் அமுக்கிவிட்டார்.

"ஏங்க, ஏழு போகலையே?"

"வேணும்னா அவளே கேக்கட்டும்."

சாயங்காலமே ஃபோன் பண்ணிக் கேட்டாள். "அப்பா, ஏழாவது வரலப்பா."

"அப்படியா? நெட் சரியில்ல போல."

பச்சைப் பொய். பேச்சு அங்கிருந்து அவள் ஆபீஸுக்குப் போய், மேனேஜரைத் திட்டுவதில் நின்றது. இவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, அத்தனை சந்தோஷம். அதற்குப் பிறகு வாராவாரம் அவள் ஒரு வீடியோ கேட்பதும், வாராவாரம் ஒரு துண்டு காணாமல் போவதுமாக நடந்தது.

நேற்று இவர் ஸ்டூடியோவில் இருந்த நேரம் அவள் என்னைக் கூப்பிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை. "அடியே, உங்கப்பா வேணும்னேதான்டி அமுக்கறார்" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

"தெரியும்மா. கிளம்பும்போதே எல்லா வீடியோவையும் முழுசா காப்பி பண்ணிட்டுதான் வந்தேன். சொல்லித் தொலைச்சிடாத. மறுபடியும் ஃபோன உன்கிட்ட குடுத்துடுவார்."

இவரிடம் மூச்சு விடவில்லை. இன்று காலை ஃபோன் வந்தது. பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன்.

"இரு இரு, இது ஃபைல் விஷயம். உனக்குப் புரியாது" என்று கத்திரி ஃபோனோடு மாடிப்படிக்குப் போய்விட்டார்.