சொல் இல்லாத கடைசிப் பாட்டு

பிள்ளைகளே, பெரியப்பாவின் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "கடைசிப் பாட்டில வெறும் கிற்றார்தான் கேக்குது, பெரியப்பா பாட மறந்திட்டாரா?" என்று சின்னவள் சிரித்தாள். அவர் மறக்கவில்லை அம்மா. நான்தான் பாட வேண்டாம் என்றேன்.

வெளிநாட்டு மேடைகளில் எத்தனையோ வருசம் பாடிய மனிதர், தலை நரைத்த பிறகுதான் ஊரைப் பற்றிப் பாட வேண்டும் என்று நினைத்தார். வாவிக்கரையில் காயும் வலை, கரடியனாற்று வயல் வட்டையில் நாங்கள் இருவரும் வெள்ளாமை வெட்டப் போனது, எல்லாம் பாட்டாகின. உடுக்கும் ட்ரம்ஸும் சேர்ந்து ஒலித்தது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

கடைசிப் பாட்டை என்னிடம் பாடிக் காட்டவென்றே ஊருக்கு வந்தார். அது எங்கள் அப்பா கண்ணகி அம்மன் கோயிலில், அம்மாளின் கோபம் தணிந்து குளிரவென்று பாடிய குளிர்த்திப் பாட்டு. வைகாசியில் கோயில் கதவு திறக்கும் சில நாட்களில் மட்டும் பாடுவது. கதவு அடைத்த பிறகு அப்பா அதை வீட்டில் முணுமுணுக்கவும் மாட்டார். அண்ணன் முதல் அடியைத் தொடங்கியதும் நான் கிற்றார் கம்பிகளை உள்ளங்கையால் அமத்திவிட்டேன்.

"அண்ணன், இதை இப்பப் பாட ஒண்ணா. கதவு அடைச்சிருக்கு."

"கோயிலுக்குப் பூட்டு நீதானாடா?"

"சிரிக்காதீங்க. ஆல்பத்தில வந்தா ஓட்டோவிலயும் போடுவானுகள், சாப்பாட்டுக் கடையிலயும் போடுவானுகள். அம்மாள்ட பாட்டைக் கேட்டுக்கிட்டு கொத்துரொட்டி தின்னுறதா?"

அவர் சிரிப்பு நின்றது. "அப்பாட குரல் என்னட்டக் கொஞ்சம் கிடக்கு தம்பி. அதை எங்க கொண்டுபோய் வைக்க?"

"வைகாசிக்கு வாங்க. கோயில்ல நிண்டு பாடுங்க."

"சரி, வாறன்" என்றார். சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் கிற்றாரில் பதிந்தார்.

நான் சொன்னது வழக்கம். அது பிழை என்று இன்றும் என் வாய் சொல்லாது. ஆனால் அவரைத் தோணியில் ஏற்றி நடு வாவிக்குக் கொண்டுபோய், "பதிவும் வேணாம், ஒண்ணும் வேணாம், எனக்கு மட்டும் ஒருக்காப் பாடுங்க" என்று கேட்டிருக்கலாம். அம்மாள் அதற்குக் கோபித்திருக்க மாட்டாள். அன்று அது எனக்குத் தோன்றவில்லை.

வைகாசிக்கு முன்னமே அவருக்குத் தொண்டையில் ஒப்பரேசன் செய்தார்கள். குரல் போய்விட்டது. சொன்ன சொல்லுக்காக அப்படியும் வந்தார். குளிர்த்தி அன்று சனத்துக்குள் வேட்டியோடு என் பக்கத்தில் நின்றார். பாட்டு எழும்பியது, பெண்கள் குரவை இட்டார்கள். அண்ணனின் வாய் ஒவ்வொரு அடிக்கும் அசைந்தது. தோளோடு தோள் ஒட்டி நின்றும் எனக்கு மூச்சுச் சத்தம் மட்டுமே கேட்டது.

முடிந்ததும் என் பக்கம் திரும்பி, எப்படி என்று கையால் கேட்டார்.

"அப்பாட குரல்தான், அண்ணன்" என்றேன்.

அம்மாளின் வாசலில் நின்று பொய் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, கண்ணைத் துடைக்காமலே நின்றார்.